மரத்துப்போன முழங்காலும் மங்கிப்போன படையும்

அக்காவின் இரண்டு முழங்கால்களிலும் பல பத்தாண்டுகளாகச் சொரியாசிஸ் படை உண்டு. வலது காலில் இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தது போலவே இடது காலிலும் இருக்கும்: முட்டிக்கு வெளிப்புறமாகச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்தில், சிவந்து தடித்து, மேலே வெள்ளி நிறச் செதிலோடு. சென்ற ஆண்டு அவருடைய வலது காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கத்தி பட்ட இடத்தில் புதிதாகப் படை கிளம்பக்கூடும் என்பது இந்த நோயோடு வாழ்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி என்பதால், தழும்பின் மீது செதில் ஏறிவிடுமோ என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். தழும்பு சுத்தமாக ஆறியது. நாங்கள் எதிர்பாராத ஒன்று அதற்குப் பக்கத்தில் நடந்தது.

முட்டியின் முன்பக்கத்தில் நெடுக்காக வெட்டும்போது, தொடையின் உட்புறத்திலிருந்து இறங்கி வரும் சஃபீனஸ் நரம்பின் சிறு கிளை ஒன்று அறுபடுவது வழக்கம். அதனால் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி குறையும் என்றும், பலருக்கு அது நாளடைவில் ஓரளவு திரும்பும் என்றும் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே அந்த இடம் மரத்துப்போயிற்று. நான்காவது மாதம் நான் மன்னார்குடிக்குப் போயிருந்தபோது அக்கா புடவையை முழங்கால்வரை ஒதுக்கி, இரண்டு கால்களையும் அருகருகே நீட்டிக் காட்டினார். இடது காலில் படை பழையபடியே இருந்தது. வலது காலில், மரத்த இடத்தில், படை இருந்ததற்கு அடையாளமாக வெளிறிய நிழல் ஒன்றுதான் இருந்தது. "தொட்டா தெரியவே மாட்டேங்குது தம்பி. ஆனா அரிப்பும் போச்சு, செதிலும் போச்சு. மரத்துப்போனதே நல்லதாப் போச்சு போ," என்றார்.

நான் மருத்துவன் அல்லன். முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் முழங்கைகளிலும் இதே நோய் உண்டு. ஒரே ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவன்தான் நானும். ஆனாலும் அதே உடம்பில், அதே மருந்துகளுக்கும் அதே கவலைகளுக்கும் நடுவே, இடது காலும் இரு முழங்கைகளும் மாறாமல் இருக்க, நரம்பு அறுபட்ட இடம் மட்டும் ஆறியது என்னைத் தூங்கவிடவில்லை. திருச்சிக்குத் திரும்பியதும் படிக்கத் தொடங்கினேன். அக்காவின் முழங்காலில் நடந்தது புதியது அன்று என்பதுதான் முதலில் தெரியவந்தது. 1971-லேயே, தோல் நரம்பு அறுபட்ட இடத்தில் சொரியாசிஸ் மறைந்ததைப் பற்றி ஒரு மருத்துவக் குறிப்பு வெளியாகியிருக்கிறது. அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு குறிப்புகளும் வந்திருக்கின்றன. சிலருக்கு உணர்ச்சி திரும்பியபோது படையும் திரும்பியிருக்கிறது.

இந்தக் குறிப்புகளைத் தனித்தனி விந்தைகளாக விட்டுவிடாமல் ஒரு கொள்கையாகக் கோத்தவர் யூஜின் ஃபார்பர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவத் துறையை நெடுங்காலம் நடத்திய அவர், 1986-இல் தம் சகாக்களோடு எழுதிய கட்டுரையில் மிக எளிய ஒரு கேள்வியைக் கேட்டார்: இந்த நோய் ஏன் உடம்பின் இருபுறமும் ஒரே மாதிரி வருகிறது? நோய் எதிர்ப்புச் செல்கள் இரத்தத்தில் மிதந்து திரிபவை. அவற்றுக்கு வலம் இடம் தெரியாது. முதுகுத்தண்டிலிருந்து இருபுறமும் சமச்சீராகப் பிரிந்து தோலை அடைபவை நரம்புகள். மன உளைச்சல் வந்தால் நோய் பெருகுகிறது என்று நோயாளிகள் ஓயாமல் சொல்வதையும் ஃபார்பர் இதோடு சேர்த்துப் பார்த்தார். தோலிலுள்ள உணர்வு நரம்புகளின் நுனிகள் சப்ஸ்டன்ஸ் பி முதலான பெப்டைடுகளை, அதாவது குட்டிப் புரதச் சங்கிலிகளை, கசியவிடுகின்றன, அவையே அழற்சியைத் தூண்டிவிடுகின்றன என்பது அவருடைய ஊகம்.

அந்த நாளில் இதை ஏற்கப் பலருக்கும் தயக்கம் இருந்திருக்கும். சொரியாசிஸைப் பற்றிய பார்வையே அப்போதுதான் வேறு திசையில் திரும்பிக்கொண்டிருந்தது. மேல்தோல் செல்கள் தாறுமாறாகப் பெருகுவதே இந்த நோய் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். இயல்பான தோலில் அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். படையில் அந்தப் பயணம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. 1979-இல், மூட்டு அழற்சிக்காகச் சைக்ளோஸ்போரின் என்னும் எதிர்ப்பாற்றல் அடக்கியைக் கொடுத்தபோது, சொரியாசிஸ் இருந்தவர்களின் தோலும் தெளிந்ததைத் தற்செயலாகக் கண்டார்கள். அந்த மருந்து டி செல்கள் என்னும் வெள்ளணுக்களை அடக்குவது. ஆகவே கோளாறு தோலில் அன்று, எதிர்ப்பு மண்டலத்தில் என்ற எண்ணம் வேரூன்றியது. இன்று அந்தக் கதை மிகவும் துல்லியமாகத் தெரியும். தோலில் காவல் இருந்து டி செல்களுக்குச் சேதி சொல்லும் டென்ட்ரிடிக் செல்கள் இன்டர்லூகின்-23 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன; அது ஒரு வகை டி செல்களைக் கிளப்பிவிடுகிறது; அவை இன்டர்லூகின்-17-ஐக் கொட்டுகின்றன; அதை ஏற்ற மேல்தோல் செல்கள் வெறிகொண்டாற்போல் பெருகி, நியூட்ரோஃபில்கள் என்னும் வேறு வெள்ளணுக்களையும் வரவழைக்கின்றன. இந்த இரு புரதங்களில் ஒன்றைத் தடுக்கும் ஊசிகள் நோயைப் பெருமளவு அடக்குகின்றன என்பதே இக்கதைக்குப் பலமான சாட்சி. இதில் நரம்புக்கு இடம் எங்கே?

இடம் இருக்கிறது என்பதற்கான தடயம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது. வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்பு, தோலிலிருந்து முதுகுத்தண்டுக்குச் சேதி கொண்டுபோகும் ஒருவழிப் பாதை என்றுதான் பாடநூல்களில் படித்தோம், கற்பித்தோம். 1901-இல் வில்லியம் பேலிஸ் என்னும் ஆங்கிலேய உடலியலாளர் உணர்வு நரம்பின் வேரை முதுகுத்தண்டின் அருகே மின்சாரத்தால் தூண்டியபோது, கால் பக்கத்து இரத்தக் குழாய்கள் விரிந்தன. சேதி எதிர்த்திசையிலும் ஓடியது. 1920-களில் தாமஸ் லூயிஸ் என்னும் மருத்துவர் இதை வெறும் தோல் கீறலில் காட்டினார். முன்கையில் ஏதாவது மழுங்கிய முனையால் அழுத்திக் கீறிப் பாருங்கள்: கீறிய கோடு சிவக்கும், கோடு தடிக்கும், அதைச் சுற்றி, கீறல் படாத தோலிலும், செம்மை பரவும். சுற்றிலும் பரவும் அந்தச் செம்மை, நரம்பு அறுந்து அழிந்துபோன தோலில் தோன்றாது. கீறலை உணர்ந்த நரம்பிழை, சேதியை மேலே அனுப்புவதோடு நில்லாமல், தன் பக்கக் கிளைகள் வழியாக அக்கம்பக்கத்துத் தோலிலும் எதையோ கொட்டுகிறது.

அந்த 'எதையோ' என்பதற்குப் பெயர் கிடைத்த கதையில் எனக்குத் தனிப் பிரியம். 1931-இல் லண்டனில், ஹென்றி டேலின் ஆய்வுக்கூடத்தில், உல்ஃப் வான் ஆய்லர் என்ற ஸ்வீடன் இளைஞரும் ஜான் கேடமும் குதிரையின் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் ஒரு சாறு எடுத்தார்கள். அது முயலின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது, குடலைச் சுருங்கவைத்தது. தயாரித்த பொடியைப் 'பி' என்று குறித்துவைத்தார்கள். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அது என்ன பொருள் என்று தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. சூசன் லீமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாட்டின் மூளைப் பகுதியில் வேறொரு ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தபோது, பிரித்தெடுத்த சாறு எலிகளுக்கு எச்சிலைப் பெருக்குவதைக் கவனித்தார். தேடியதை விட்டுவிட்டு எச்சிலைப் பின்தொடர்ந்தார். 1970-ஐ ஒட்டி, அது சப்ஸ்டன்ஸ் பி-தான், பதினோரு அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி என்பது உறுதியாயிற்று. அதன் கூட்டாளியான, 37 அமினோ அமிலங்கள் கொண்ட சிஜிஆர்பி என்னும் பெப்டைடு 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. இரத்தக் குழாயை விரிப்பதில் அதற்கு இணை சொல்வது கடினம். உணர்வு நரம்புகளின் நுனியில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே பையில் காத்திருக்கின்றன.

மிளகாய் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். ஹங்கேரியில் மிளகாய்த் தூளுக்குப் பேர்போன ஊர் செகெட். அங்கே இருந்த மிக்லோஷ் யான்ச்சோ என்ற மருந்தியலாளர், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தோலில் பட்டால் அழற்சி ஏற்படுவதையும், மீண்டும் மீண்டும் செலுத்தினால் நரம்பு சோர்ந்துபோய் அதன்பின் எரிச்சலூட்டும் எந்தப் பொருள் பட்டாலும் அங்கே அழற்சி வராததையும் காட்டினார். நரம்பை வெட்டினாலும் அதே பலன். அவர் இறந்த மறு ஆண்டில், 1967-இல், வெளிவந்த அந்தக் கட்டுரை நரம்புவழி அழற்சி என்ற கருத்துக்கு அடித்தளம் இட்டது. கேப்சைசின் போய் ஒட்டும் டிஆர்பிவி1 என்னும் ஏற்பியை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். 2021 நோபல் பரிசில் அவருக்குரிய பங்கு இதற்குத்தான். வற்றல் இடித்த கை மணிக்கணக்கில் எரிவதும், அக்காவின் முழங்கால் அரிப்பதும் ஒரே இன நரம்பிழைகளின் வேலை என்பதை அம்மாவிடம் சொல்ல முடியாமல் போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. உரல் அருகே உட்கார்ந்து தன் கை எரிவதைப் பற்றியும் மகளின் காலைப் பற்றியும் ஒரே மூச்சில் புலம்பியவர் அவர்.

இனி சொரியாசிஸ் படைக்குள் வருவோம். நரம்பு நுனி கக்கும் சப்ஸ்டன்ஸ் பி இரத்தக் குழாயின் சுவரைக் கசியச் செய்கிறது. வெள்ளணுக்கள் வெளியேறி வர அது கதவு திறந்ததைப் போல. அழற்சிப் பொருள்களைச் சேர்த்துவைத்துப் பக்கத்திலிருக்கும் மாஸ்ட் செல்களையும் அது வெடிக்கவைக்கிறது. தனக்கே உரிய ஏற்பியைத் தவிர, மாஸ்ட் செல்களின் மேல் இருக்கும் வேறொரு ஏற்பியும் அதற்கு வசப்படும் என்பது 2015-ஐ ஒட்டித் தெளிவாயிற்று. வெடித்த மாஸ்ட் செல்களிலிருந்து வரும் பொருள்கள் நரம்பு நுனியை இன்னும் கிளறுகின்றன. அதேநேரம், படையிலுள்ள மேல்தோல் செல்கள் நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை இயல்புக்கு மிஞ்சிச் சுரக்கின்றன. அதன் பலனாக நரம்பிழைகள் கிளைத்து மேல்தோலை நோக்கி வளர்கின்றன. கிளைத்த நுனிகள் மேலும் பெப்டைடுகளைக் கசிகின்றன. ஃபார்பரோடு பணியாற்றிய சிபா ராய்சௌத்ரி இந்த வளர்ச்சிக் காரணியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். செக்குமாடு சுற்றுவதைப் போன்ற சுற்று இது: தோல் நரம்பை வளர்க்கிறது, நரம்பு எதிர்ப்புச் செல்களை எழுப்புகிறது, அவை தோலைத் தடிக்கவைக்கின்றன, தடித்த தோல் மறுபடி நரம்பை வளர்க்கிறது.

சொரியாசிஸ் அரிக்காது, எக்ஸிமாதான் அரிக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நோயின் பெயரிலேயே அரிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கும்போது அதை எப்படி நம்பினார்களோ தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அரித்தால் சொறிகிறோம், சொறிந்த காயத்தில் புதிய படை கிளம்புகிறது. பிரெஸ்லாவ் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் கோப்னர் 1870-களில் இதை எடுத்துச் சொன்னதால் இன்றும் அவர் பெயரால் வழங்கும் நிகழ்வு அது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி, படையில் எது கூடுதலாக இருக்கிறது என்ற கணக்கெடுப்பு. கூடுதலாக இருப்பதெல்லாம் காரணமாகிவிடாது. தீப்பிடித்த வீட்டின் முன் கூடியிருப்பவர்கள் எல்லோரும் தீ வைத்தவர்கள் அல்லர். நரம்பை எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். அதை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிக்கோல் வார்டு குழுவினர் 2011-இல் செய்தார்கள். சொரியாசிஸ் போன்ற தோல் வருமாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளின் முதுகுத் தோலுக்குச் செல்லும் நரம்புகளை வெட்டியபோது, தோலின் தடிப்பு குறைந்தது, டி செல்களும் டென்ட்ரிடிக் செல்களும் குறைந்தன. பெப்டைடுகளைத் தனித்தனியே தடுத்துப் பார்த்ததில் வேலைப் பங்கீடும் தெரிந்தது. சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுத்தால் டி செல்கள் குறைந்தன. சிஜிஆர்பி-யைத் தடுத்தால் டென்ட்ரிடிக் செல்களும் தடிப்பும் குறைந்தன. இதைப் படித்த இரவு அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, "உன் முழங்கால் எலி முதுகுபோல நடந்துகொள்கிறது" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதைவிடக் கூர்மையான சோதனை 2014-இல் வந்தது. ஹார்வர்டில் உல்ரிச் வான் ஆண்ட்ரியன் குழுவினர் இமிகுவிமோட் களிம்பைப் பயன்படுத்தினார்கள். மருக்களுக்குத் தடவும் மருந்து அது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு நோயைக் கிளப்பிவிடக்கூடியது என்பதால், எலித் தோலில் அந்த நோயைப் போலிசெய்ய ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். வலியை உணரும் நரம்புகளை மட்டும், கேப்சைசினுக்குப் பெரியண்ணனான ஒரு தாவர நஞ்சைக் கொடுத்து முன்கூட்டியே அழித்துவிட்ட எலிகளில், களிம்பு தடவியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்டர்லூகின்-23 சுரப்பு சரிந்தது. அதற்குப் பின்னால் வரவேண்டிய இன்டர்லூகின்-17-உம் சரிந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, டென்ட்ரிடிக் செல்களில் பெரும்பாலானவை அந்த நரம்பிழைகளை ஒட்டியே குடியிருந்தன. அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நரம்பு அழிந்த அதே தோலில் இன்டர்லூகின்-23-ஐ ஊசியால் நேரடியாகச் செலுத்தினார்கள். அழற்சி பழையபடி வந்துவிட்டது. ஆகவே டி செல்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவற்றை எழுப்பவேண்டிய டென்ட்ரிடிக் செல்லுக்குத்தான் நரம்பின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன சங்கிலியில் நரம்பு நிற்கும் இடம், முதல் கண்ணிக்கும் ஒரு படி மேலே.

உடம்பு ஏன் இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது என்று கேட்பது ஆசிரியனின் பழக்கதோஷம். 2015-இல் டேனியல் கப்லான் குழுவினர் கேண்டிடா என்னும் பூஞ்சையை எலித் தோலில் வைத்துப் பார்த்தார்கள். பூஞ்சை நேரடியாகவே வலி நரம்பைத் தூண்டியது. நரம்பு சிஜிஆர்பி-யை விட்டது. டென்ட்ரிடிக் செல் இன்டர்லூகின்-23-ஐச் சுரந்தது. இன்டர்லூகின்-17 வந்து பூஞ்சையை ஒழித்தது. சொரியாசிஸில் நம்மை வாட்டும் அதே வரிசை, அங்கே காவல் வேலை செய்கிறது. 2019-இல் அவர்கள் எந்தக் கிருமியும் இன்றி, எலியின் தோல் நரம்புகளை ஒளியால் மட்டும் தூண்டினார்கள். அதற்கே இன்டர்லூகின்-17 கிளம்பியது. தூண்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஒளியே படாத தோலிலும் நரம்பின் கிளைகள் வழியே காவல் பலப்பட்டிருந்தது. லூயிஸ் கீறிக் காட்டிய செம்மை வளையத்தின் பேரன் என்றே இதைச் சொல்லலாம். கிருமி எட்டிப் பார்க்கும் முன்பே ஊரைத் தட்டி எழுப்பும் காவல்காரன் நரம்பு. சொரியாசிஸ் உள்ள தோலில் கள்வன் இல்லாத இரவுகளிலும் அவன் தண்டோரா போட்டுக்கொண்டிருக்கிறான்.

இத்தனையும் சொன்னபின், நரம்புப் பெப்டைடுகளே எல்லாவற்றுக்கும் மூலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேல்தோலிலுள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்னும் காவல் செல்கள் சிஜிஆர்பி கொண்ட நரம்புகளைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் காட்டியது. ஆனால் அங்கே அந்தப் பெப்டைடு அச்செல்களின் வேலையைத் தூண்டாமல் மட்டுப்படுத்தியது. எந்தச் செல், எந்தத் தருணம், பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே சேதி எரிக்கவும் செய்யும், அணைக்கவும் செய்யும். எலித் தோல் மனிதத் தோலும் அன்று. மெல்லிய, மயிரடர்ந்த அந்தத் தோலில் சில நாள் களிம்பு தடவி வரவழைக்கும் அழற்சிக்கும், பல பத்தாண்டுகளாக ஒரு முழங்காலில் உட்கார்ந்திருக்கும் படைக்கும் உள்ள தொலைவு பெரிது.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் இந்தத் தொலைவை நன்றாகவே காட்டுகின்றன. ஃபார்பரின் கட்டுரை வந்த அதே 1986-இல், இருபுறமும் சமமாகப் படை உள்ள 44 பேருக்கு ஒரு பக்கம் கேப்சைசின் களிம்பும் மறுபக்கம் வெறும் களிம்பும் ஆறு வாரம் தடவப்பட்டன. நோயாளியின் ஒரு பாதியை மறு பாதிக்கு ஒப்பீடாக வைத்த அழகான திட்டம் அது. கேப்சைசின் பக்கத்தில் சிவப்பும் செதிலும் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் பலருக்குத் தொடக்கத்தில் எரிச்சல். அழற்சியுள்ள தோலில் மிளகாய்ச் சாறு தடவிக்கொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள்? வழக்கமான மருந்துகளின் வரிசையில் அது இடம்பிடிக்கவே இல்லை. நரம்பு நுனி தன் பைகளைக் கொட்டவிடாமல் தடுக்கும் பொட்டுலினம் நஞ்சை, அதாவது சுருக்கம் போக்க முகத்தில் போடும் போடாக்ஸை, தோல் மடிப்புகளில் படை உள்ள 15 பேருக்குப் போட்டு 2008-இல் நல்ல பலனைச் சொன்னார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு முயற்சி அது. பின்னர் டென்மார்க்கில் சாதாரணத் தட்டைப் படைகளில் போட்டுப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. சப்ஸ்டன்ஸ் பி-யின் ஏற்பியை அடைக்கும் செர்லோபிடன்ட் மாத்திரையைச் சொரியாசிஸ் அரிப்புக்காக 204 பேரிடம் சோதித்தார்கள். எட்டு வாரத்தில் அரிப்பு கணிசமாகக் குறைந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. போலி மாத்திரை எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வேறுபாடு இருக்கிறது, ஆனால் மருந்துக்கடைக்கு வரும் அளவுக்கு அந்த மாத்திரை தேறவில்லை.

இன்டர்லூகின்களைத் தடுக்கும் ஊசிகளோடு ஒப்பிட்டால் இவை எல்லாம் சிறு கைவிளக்குகள். ஒரு பெப்டைடை அடைத்தால் பையில் இன்னொன்று இருக்கிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நோய் ஒருமுறை ஊன்றிவிட்டால், அத்தோலிலேயே தங்கிவிடும் நினைவு டி செல்கள் நரம்பின் தயவின்றியே வேலையைத் தொடர்கின்றன என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். நரம்பு ஓர் ஒலிபெருக்கி. பாட்டைப் பாடுவது எதிர்ப்பு மண்டலம்தான் என்பது என் முடிவு. பெருக்கியை நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும் வீடுகளும் உண்டு, வாய்ப்பாட்டாகவே தொடரும் வீடுகளும் உண்டு.

இந்தியாவில் இந்த வாசிப்புக்கு வேறு ஒரு பரிமாணமும் இருக்கிறது. வியன்னாவின் தோல் மருத்துவர் ஃபெர்டினாண்டு ஹெப்ரா 1841-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டும்வரை ஐரோப்பாவில் சொரியாசிஸையும் தொழுநோயையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்களில் அந்தக் குழப்பம் இன்றும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள் என்பது எங்கள் வீட்டில் யாரும் பேசாத சங்கதி. தோல் நரம்புகளைத் தின்று மரக்கவைப்பது தொழுநோய். சண்டிகரைச் சேர்ந்த மருத்துவர் பூஷண் குமாரும், ஃபார்பர், ராய்சௌத்ரி முதலியோரும் 1992-இல் எழுதிய கட்டுரை, தொழுநோயும் சொரியாசிஸும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அரிது என்பதைச் சுட்டியது. மரபணு வேறுபாடு போன்ற பிற விளக்கங்களும் இதற்குச் சாத்தியமே. ஆனாலும் நூற்றாண்டுகளாக ஒன்றென்று நினைத்து ஒதுக்கிவைத்த இரு நோய்களில், ஒன்று நரம்பைக் கொல்கிறது, மற்றது நரம்பு உயிரோடு இருப்பதைச் சார்ந்திருக்கிறது என்றால், அவற்றைவிட எதிரெதிரான இரண்டைக் காண்பது அரிதுதான்.

"கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்பது இந்த நோயுள்ளவர்கள் வாழ்நாள் முழுதும் கேட்கும் வாசகம். தோல் மருத்துவமனையில் சொல்வார்கள், வெட்பாலைத் தைலம் கொடுக்கும் சித்த மருத்துவமனையிலும் சொல்வார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் சொல்வார். அந்த வாசகத்தின் உட்பொருள், நீயேதான் இதை வரவழைத்துக்கொண்டாய் என்பது. எனக்கு அதன்மேல் நெடுநாள் கோபம் இருந்தது. மன உளைச்சலுக்கும் என் முழங்கைக்கும் தொடர்பே இல்லை என்று வாதாடியும் இருக்கிறேன். இந்த வாசிப்புக்குப் பின் அப்படி வாதாட முடியவில்லை. பெர்லினில் எலிகளைச் சத்தத்தால் தொல்லைப்படுத்தியபோது அவற்றின் தோலில் சப்ஸ்டன்ஸ் பி கொண்ட நரம்பிழைகள் பெருகின. 1998-இல் ஜான் கபாட்-சின் குழுவினர், புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு வந்த 37 பேரில் ஒரு பகுதியினரைக் கதிர்ப் பெட்டிக்குள் நிற்கும்போது தியானப் பயிற்சி ஒலிநாடாவைக் கேட்கவைத்தார்கள். அவர்களுடைய தோல் மற்றவர்களைவிட வேகமாகத் தெளிந்தது. சிறிய ஆய்வுதான்; ஆனால் கதிர் சிகிச்சை இரு தரப்புக்கும் உண்டு. உளைச்சல் உண்மையிலேயே தோலுக்கு இறங்கி வருகிறது. ஆனால் அது இறங்கும் வழி, மாட்டின் மூளையிலும் குதிரையின் குடலிலும் கிடைக்கும் ஒரு பதினோரு கண்ணிச் சங்கிலி. அதைச் சுரக்கச் சொல்லவோ நிறுத்தச் சொல்லவோ எனக்கு அதிகாரம் இல்லை. கவலைப்படாதே என்று ஒருவரிடம் சொல்வது, வற்றல் இடித்த கையிடம் எரியாதே என்று சொல்வதைப் போன்றது.

போன வாரம் அக்கா அழைத்தார். மரத்த இடத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம், விரலால் தடவினால் லேசாகத் தெரிகிறதாம். மூட்டு மருத்துவர் பார்த்துவிட்டு நரம்பு துளிர்க்கிறது, நல்ல அறிகுறி என்று மகிழ்ந்திருக்கிறார். பேத்தி கைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். உணர்ச்சி திரும்பும் அந்த ஓரத்தில், நகக்கண் அளவில், இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. படையாகவும் இருக்கலாம், கொசுக்கடியாகவும் இருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை. "என்னடா, பேசவே மாட்டேங்கற?" என்றார் அக்கா. அரிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சமாக என்றார். இப்போதைக்குச் சொறியாமல் மட்டும் இரு என்றேன்.